பத்தே கால், பதினொன்று, பன்னிரண்டு

லினக்ஸ் பழகும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்: 'டிஎஃப்' கட்டளை மீதி இடம் 11ஜி என்று காட்டுகிறது, பத்தரை ஜிபி கோப்பை நகலெடுத்தால் இடமில்லை என்கிறது. வட்டு கெட்டுவிட்டதா?

கெடவில்லை. வெறும் 'டிஎஃப்' போட்டால் 1024 பைட் கொண்ட கட்டங்களாக எண்ணிச் சொல்லும். வாசகர் அந்த எண்ணையும் அனுப்பியிருக்கிறார்: 10747904. காற்புள்ளிகூட இல்லாத இந்த நீளத்தைப் படிக்கக் கண் வலிக்கும் என்பதால்தான், எண்ணைச் சுருக்கி ஜி, எம் என்ற அலகு எழுத்தோடு காட்டும் 'ஹெச்' விருப்பத்தைக் கட்டளையோடு சேர்க்கிறோம்.

எனக்குப் பிடித்த விசித்திரம் அங்கேதான் இருக்கிறது. 10747904 என்பது சரியாகப் பத்தே கால் ஜிபி. லினக்ஸில் வழக்கமாக வரும் ஜிஎன்யு 'டிஎஃப்', பத்துக்குக் கீழே ஒரு தசமம் காட்டும். பத்தும் அதற்கு மேலும் என்றால் தசமத்தையே விட்டுவிடும். மிச்சம் துளி இருந்தாலும் எப்போதும் மேலே ஏற்றும், கீழே இறக்காது. ஆகவே 11ஜி. பெரிய எழுத்து 'ஹெச்' போட்டுப் பாருங்கள். அது 1024க்குப் பதில் 1000ஆல் வகுக்கும், 11.006 வரும், அதையும் ஏற்றி 12ஜி என்று காட்டும். இடம் ஒன்றுதான், எண் மூன்று.

விருந்தாளிகள் வரும் நாளில் அம்மா தேவையான அரிசியைக் கணக்கிடும்போது அரைப்படி கூட்டியே சொல்வார். பானையில் இருக்கும் அரிசியைச் சொல்லும்போது அரைப்படி குறைத்தே சொல்வார். தேவையை ஏற்று, இருப்பை இறக்கு: அடுப்படியில் கற்ற கணக்கு அது. 'டிஎஃப்' இரண்டையும் ஏற்றிவிடுகிறது. பயன்படுத்திய இடத்துக்கு அது பாதுகாப்பு. மீதி இடத்துக்கு ஆபத்து.

இதைவிட வருத்தம் தருவது, மனிதக் கண்ணுக்காக வந்த இந்தச் சுருக்கத்தை நிரல்களுக்கு ஊட்டுவது. நான் முன்பு வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் இரவுக் கண்காணிப்பு நிரல் 'ஹெச்' பத்தியைப் படித்து, எழுத்தை வெட்டிவிட்டு எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டது. மீதி இடம் 900எம் ஆனபோது அதன் கணக்கில் 900 ஜிபி. எச்சரிக்கை வரவில்லை, காலையில் தரவுத்தளம் நின்றுபோயிருந்தது. நிரலுக்கு 'கே' போட்டுக் கொடுங்கள், முழு எண் வரும். அலகு எப்போதும் மாறாது.

வாசகருக்கு: உங்கள் கோப்புக்கு 11010048 கட்டங்கள் வேண்டும். குறைவது 262144, அதாவது 256 எம்பி. தேவையில்லாத பழைய கோப்பு ஒன்றிரண்டை அழித்துவிட்டு மறுபடி நகலெடுத்துப் பாருங்கள்.