இயேசுவையே ஆச்சரியப்பட வைத்தவர்கள் யார் தெரியுமா?

கடலை அதட்டி அடக்கினார், ஐந்து அப்பத்தைக் கொண்டு 5,000 பேருக்குப் பந்தி வைத்தார். பார்த்த ஊரெல்லாம் வாயைப் பிளந்தது. அவரே ஆச்சரியப்பட்டதாகச் சுவிசேஷங்கள் சொல்வதோ இரண்டே இரண்டு தடவைதான்! முதலாவது கப்பர்நகூமில். வேலைக்காரனுக்குச் சுகம் கேட்ட நூற்றுக்கு அதிபதி, என் வீட்டுக்கு நீர் வர நான் தகுதியில்லை, இருந்த இடத்திலிருந்து ஒரு வார்த்தை போதும் என்றபோது. இரண்டாவது, கூடவே வளர்ந்த ஊர்க்காரர்களின் அவிசுவாசத்தைப் பார்த்து! ஊரை அடக்கி வைத்திருந்த ரோமப் படையின் அதிகாரியிடம் விசுவாசம், சொந்த ஊரில் பஞ்சம்!

ஏதேன் தோட்டத்துப் பழத்துக்கு ஆதியாகமம் பெயரே வைக்கவில்லை, ஆப்பிள் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. இது பலருக்கும் தெரிந்ததுதான், விடுங்கள். மத்தேயு முதல் அதிகாரத்தின் வம்ச வரலாற்றைப் பொறுமையாகப் படித்ததுண்டா? இயேசுவின் முன்னோர் வரிசையில், மாமனாரை ஏமாற்றிப் பிள்ளை பெற்ற தாமார் இருக்கிறாள், எரிகோவின் வேசி ராகாப் இருக்கிறாள், மோவாப் தேசத்து ரூத் இருக்கிறாள். அடுத்து வரவேண்டிய பத்சேபாளின் பெயரைக் காணோம்! உரியாவின் மனைவியாக இருந்தவள் என்று மட்டும் எழுதியிருக்கிறார் மத்தேயு. தாவீது ராஜா யாருடைய மனைவியை அபகரித்தார், அதற்காக யாரைப் போர்க்களத்தில் சாகவிட்டார் என்பது அந்த ஒரு குறிப்பிலேயே அம்பலம். எந்தக் குடும்பமாவது இப்படிக் கல்யாணப் பத்திரிகை அடிக்குமா? இன்னொன்று: எபிரெயர் 11-ஆம் அதிகாரம் விசுவாச வீரர்களின் பட்டியல் அல்லவா? ஆபிரகாம், மோசே இருக்கும் அதே பட்டியலில் ராகாபுக்கும் இடம் உண்டு!

பேதுரு மறுதலித்த கதையில் எல்லாப் பிரசங்கியாரும் சேவலைப் பிடித்துக்கொள்கிறார்கள். என்னைக் கேட்டால் கவனிக்க வேண்டியது நெருப்பைத்தான். யோவான் சுவிசேஷம் காட்டும் காட்சி இது: குளிர் இரவு, பிரதான ஆசாரியனின் முற்றம், சேவகர்கள் போட்ட கரிநெருப்பு. அங்கே நின்று குளிர் காய்ந்துகொண்டேதான் அந்த மனிதரைத் தெரியவே தெரியாது என்றார் பேதுரு. புதிய ஏற்பாட்டில் கரிநெருப்பு இன்னும் ஒரே ஒரு இடத்தில்தான் வருகிறது! அதே யோவான், 21-ஆம் அதிகாரம். திபேரியா கடற்கரை, விடியற்காலை. இரவெல்லாம் வலை வீசி ஒன்றும் கிடைக்காத சீஷர்கள், திடீரென்று வலை நிறைய மீனோடு கரையேறுகிறார்கள். அங்கே கரிநெருப்பு போட்டு, மீனும் அப்பமும் தயாராக வைத்துக் காத்திருக்கிறார் உயிர்த்தெழுந்த இயேசு. சாப்பிட்டு முடித்ததும் பேதுருவிடம், என்மேல் அன்பாயிருக்கிறாயா என்று மூன்று முறை கேட்கிறார். மறுத்ததும் மூன்று முறைதானே! யோவான் மீனைக்கூட எண்ணி வைத்திருக்கிறார்: 153. ஒன்றிலிருந்து பதினேழு வரை கூட்டினால் 153 வரும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தவர் அகஸ்தீன்!

யூதாவை 55 வருஷம் ஆண்ட மனாசேயைப் போல ஒரு கொடிய ராஜாவைப் பார்ப்பது அரிது. சொந்த மகனையே தீயில் பலி கொடுத்தவன். இரண்டாம் ராஜாக்கள் புத்தகம் அவனை அப்படியே குற்றவாளிக் கூண்டில் நிறுத்திவிட்டுப் போய்விடுகிறது. இரண்டாம் நாளாகமத்தைத் திறந்தால் அதே மனாசே பாபிலோனில் விலங்கோடு அழுது ஜெபிக்கிறான், தேவன் மன்னித்து ராஜ்யத்தையே திருப்பித் தருகிறார்!

ஏழு கொடிய பாவங்களின் பட்டியலை வேதாகமத்தில் தேடாதீர்கள், அந்த வடிவில் கிடைக்காது. 4-ஆம் நூற்றாண்டுத் துறவி எவாக்ரியுஸ் எட்டாகத் தொகுத்ததை, 6-ஆம் நூற்றாண்டில் போப் முதலாம் கிரெகோரி ஏழாக்கினார்.

சந்தேகப் பேர்வழி என்று பெயர் வாங்கிய தோமா, இயேசுவின் காயத்துக்குள் விரலை விட்டதாக ஓவியர் கரவாஜ்ஜோ வரைந்திருக்கிறார். யோவான் அப்படி எழுதவே இல்லை! தொட்டுப் பார் என்கிறார் இயேசு. அடுத்த வசனத்திலேயே அவரை ஆண்டவர், தேவன் என்று அறிக்கையிட்டுவிடுகிறார் தோமா. சென்னைக்காரர்களுக்கு அவர் அந்நியர் இல்லை. பரங்கிமலையில் அவர் உயிர்விட்டார், சாந்தோமில் அடக்கமானார் என்பது மரபு.

கடைசியாக, வேதாகமமே பாவம் செய்யச் சொன்ன கதை தெரியுமா? 1631, லண்டன். அச்சுக் கோத்தவர் பத்துக் கட்டளைகளில் ஒரு 'கூடாது'வை விட்டுவிட்டார். விபசாரம் செய் என்றே அச்சாகிவிட்டது! அரசர் முதலாம் சார்லஸ் கொதித்துப்போக, அச்சகத்தார் ராபர்ட் பார்க்கருக்கும் மார்ட்டின் லூக்காஸுக்கும் 300 பவுண்டு அபராதம். பிரதிகளைத் தேடிப் பிடித்து அழித்தார்கள், தப்பியவை கொஞ்சம்தான். இந்தப் பார்க்கர் யார் தெரியுமா? 1611-ல் புகழ்பெற்ற கிங் ஜேம்ஸ் வேதாகமத்தை அச்சிட்ட அதே ஆள்!