எண்சாண் உடம்பைத் தாளில் நிறுத்துவது எப்படி?

"எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம்" என்பார்கள். ஓவியம் கற்கும் மாணவனுக்கு இது வெறும் பழமொழி அல்ல. முதல் பாடமே இதுதான். மனித உடம்பை அளக்க அவனுக்குக் கிடைத்த அளவுகோல் தலைதான்.

மும்பை வி.டி. ரெயில் நிலையத்தில் இறங்கி கிராபர்டு மார்க்கெட் பக்கம் நடப்பவர்கள், வழியில் மரங்கள் சூழ்ந்த பழைய வளாகம் ஒன்றைப் பார்த்திருப்பார்கள். அதுதான் சர் ஜே.ஜே. ஓவியக் கல்லூரி. ஜாம்ஷெட்ஜி ஜீஜீபாய் என்ற பார்சி வணிகர் தந்த 1 லட்சம் ரூபாய் நன்கொடையில் உருவாகி, 1857-ம் ஆண்டு தொடங்கியது. வி.டி. கட்டடத்தின் கல் சிற்ப வேலைகளில் அந்தக் கால மாணவர்களின் கைவண்ணமும் உண்டு.

ஆளை எதிரே நிறுத்தி வரையும் பயிற்சிக்கு இங்கே நூறாண்டு வரலாறு இருக்கிறது. கிளாட்ஸ்டோன் சாலமன் தலைவராக இருந்தபோது, 1920-ம் ஆண்டை ஒட்டி அது முக்கியப் பாடமாயிற்று.

தலையே அளவுகோல்

மாணவன் கையை விறைப்பாக நீட்டி, பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொள்கிறான். பென்சில் நுனி உச்சந்தலைக்கு நேராக. கட்டைவிரல் நகம் மோவாய்க்கு நேராக. இதுதான் ஒரு தலை அளவு. நிற்கும் ஆளின் உயரம் ஏறத்தாழ ஏழரைத் தலை இருக்கும். உடம்பின் நடுப்பகுதி தொப்புள் என்றுதான் பலர் நினைப்பார்கள். இல்லை! தொடைகள் பிரியும் இடத்தை ஒட்டியே நடுப்பகுதி வரும்.

நம் ஸ்தபதிகளுக்கும் இந்தக் கணக்கு புதிதல்ல. முக நீளத்தை ஒரு 'தாலம்' என்று வைத்து, நவதாலம், தசதாலம் என அளந்தே சிலை செய்கிறார்கள். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. தெய்வத்துக்கு விதிப்படி அளவு. மனிதனுக்கோ ஆளுக்கு ஆள் அளவு மாறும். விதி வழிகாட்டும், முடிவு சொல்ல வேண்டியது கண்தான்.

கண் எங்கே இருக்கிறது?

புதிதாக வரைபவர்கள் கண்ணை நெற்றிக்கு அருகே போட்டுவிடுவார்கள். உண்மையில் உச்சந்தலைக்கும் மோவாய்க்கும் நட்டநடுவில் இருக்கிறது கண். கையையும் சின்னதாகப் போடுவார்கள். உங்கள் உள்ளங்கையின் அடியை மோவாயில் வைத்துப் பாருங்கள். நடுவிரல் நெற்றியின் மேல்பகுதிக்கே போய்விடும்!

தெரிந்ததாக நினைப்பதை வரையாமல், எதிரே தெரிவதை வரைவதுதான் இந்தக் கல்வியின் உயிர்.

எடை எந்தக் காலில்?

வகுப்பு தொடங்கியதும் அரை நிமிடம், ஒரு நிமிடப் படங்கள். மூக்கு, முழி எதுவும் வேண்டாம். உடம்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை நாலு கோட்டில் பிடிக்க வேண்டும். ஒரு காலில் எடை போட்டு நிற்கும்போது அந்தப் பக்கத்து இடுப்பு உயரும், தோள் தாழும். கழுத்துக் குழியிலிருந்து கொத்தனாரின் தூக்குக்குண்டு போல ஒரு நேர்கோடு விட்டால், அது எடை தாங்கும் பாதத்தருகே இறங்கும். இது தவறினால் படத்தில் இருக்கும் ஆள் விழுவது போலத் தெரிவான்.

நிற்பதும் உழைப்பே

இந்த வகுப்பில் பாடப் புத்தகமே எதிரே நிற்கும் மாடல்தான். இருபது நிமிடம் அசையாமல் நின்று பார்த்தால் தெரியும் கஷ்டம். கால் மரத்துப் போகும், தோள் கனக்கும். ஓய்வு முடிந்து அதே இடத்தில் நிற்பதற்காகப் பாதத்தைச் சுற்றிச் சுண்ணக்கட்டியால் கோடு போட்டு வைப்பார்கள்.

ஆடையின்றி நிற்பவர்களுக்கு இன்னொரு பாரமும் உண்டு. ஊர் என்ன சொல்லுமோ என்று வீட்டாரிடம்கூட வேலையை மறைக்க வேண்டிய நிலை. இதையே கதையாக்கி ரவி ஜாதவ் இயக்கிய 'நியூட்' என்ற மராத்தி படம் 2018-ம் ஆண்டு வெளிவந்தது. மகனைப் படிக்க வைக்க ஓவியக் கல்லூரியில் மாடலாக நிற்கும் ஒரு தாயின் கதை அது. 2017-ம் ஆண்டு கோவா திரைப்பட விழாவுக்குத் தேர்வாகியும் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டதால் பெரும் சர்ச்சை எழுந்தது.

மாணவனின் படம் கண்காட்சியில் தொங்கும். கீழே அவன் பெயர் இருக்கும். நின்றவரின் பெயர் இராது. ஆனாலும் அவர் நிற்காவிட்டால் அந்தப் படம் இல்லை. கட்டடத்தில் செங்கல் சுமந்தவர் பெயரும் அப்படித்தானே?

செலவில்லாத பயிற்சி

கல்லூரியில் சேர முடியாதவர்களும் கற்கலாம். ஒரு பென்சில், ஒரு மலிவான நோட்டு போதும். மின்சார ரெயிலில் கம்பியைப் பிடித்துத் தொங்குபவர், பிளாட்பாரத்தில் மூட்டை மேல் தூங்குபவர், தேநீர் ஆற்றுபவர் என்று எங்கும் மாடல்கள்தான். தினம் பத்துப் படம், ஒன்றுக்கு ஒரு நிமிடம். அழிக்கும் ரப்பர் வேண்டாம். யாரையாவது நீண்ட நேரம் வரைவதானால் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வரைவது மரியாதை.

படம் முதலில் கோணலாகத்தான் வரும். அதனால் என்ன? தினமும் கூட்டமாக மட்டுமே தெரிந்தவர்கள், தனித்தனி மனிதர்களாகக் கண்ணில் படத் தொடங்குவார்கள். அதுவே பெரிய லாபம்.