மானியக் கணக்கு முடியும் வேளை

ஹைதராபாத்தின் மேற்கெல்லையில், மும்பை நெடுஞ்சாலையை ஒட்டியிருக்கும் ராமச்சந்திராபுரம், திருச்சிராப்பள்ளியில் உள்ளதைப் போன்றதொரு 'பெல்' தொழிற்சாலையைத் தன்னிடத்தே கொண்டிருப்பதனால், தமிழ்நாட்டுத் தொழிலாளர் குடும்பங்கள் பலவற்றுக்கு நெடுநாளாகப் பழக்கமான பெயராகும். 2007ஆம் ஆண்டில் பெருநகர மாநகராட்சியோடு இணைக்கப்பட்ட இந்த ஊரின் பெயரைத் தாங்கிய மண்டலத்தில், வெளிவட்டச் சாலைக்கு அருகே, கொல்லூர் என்றொரு கிராமம் இருக்கிறது. அங்கே ஏழைகளுக்கென்று ஒரே வளாகத்தில் நிர்மாணிக்கப்பட்ட 15,660 வீடுகளை, தெலங்கானாவின் அப்போதைய முதலமைச்சர் சந்திரசேகர ராவ் 2023 ஜூன் 22 அன்று திறந்து வைத்தார். ஒவ்வொன்றும் 560 சதுர அடி. இரண்டு படுக்கையறை, கூடம், சமையலறை. பயனாளியிடமிருந்து ஒரு காசும் பெறாமல் வழங்கப்படுவது என்பது திட்டம். 'டபுள் பெட்ரூம்' என்று ஊர் ஜனங்கள் சொல்லும் இவ்வீடுகளில் ஏறத்தாழ ஒரு லட்சத்தை மாநகராட்சி எல்லைக்கென்று கட்ட உத்தேசித்தார்கள். அவற்றுள் மிகப் பெரிய தொகுதி கொல்லூரினுடையது.

திறப்பு விழாவைப் பத்திரிகைகள் விரிவாக வர்ணித்தன. ஆனால் விழா முடிந்த பிறகு, எவருடைய கண்ணிலும் படாமல், அலுவலகங்களுக்குள்ளே நடைபெற வேண்டிய காரியம் ஒன்று உண்டு. அதைப் பற்றிச் சாதாரண வாசகர் அறிந்துகொள்ளுதல் மிகவும் அவசியமென்று கருதியே இதை எழுதுகிறேன். வீடு கட்ட அளிக்கப்பட்ட சர்க்கார் மானியத்தின் கணக்கை முடித்து மூடுவதுதான் அக்காரியம். கல்யாணம் நிறைவேறிய மறுநாள் பந்தல்காரருக்கும் சமையற்காரருக்கும் பாக்கி தீர்த்து, இரவல் வாங்கிய பாத்திரங்களை எண்ணித் திருப்பித் தந்த பின்னரே பெண்ணைப் பெற்றவருக்கு நிம்மதி என்பதுபோல, பொதுப் பணத்துக்கும் ஒரு முடிவுக் கணக்கு இருக்கிறது.

நகர்ப்புற ஏழைகளின் வீடுகளுக்கு மத்திய சர்க்கார் உதவுவது, 2015 ஜூன் 25இல் தொடங்கப்பெற்ற பிரதம மந்திரி ஆவாஸ் யோஜனாவின் மூலமாக. தெலங்கானாவின் நகர்ப்புற இரட்டைப் படுக்கையறை வீடுகளும் அத்திட்டத்தின் கீழ் அனுமதி பெற்றவையே. ஒரு வீட்டுக்கு மத்திய சர்க்காரின் பங்கு ஒன்றரை லட்சம் ரூபாய். எஞ்சிய பெருஞ்செலவு மாநிலத்தைச் சார்ந்தது. இந்த ஒன்றரை லட்சமும் ஒரே தவணையில் வருவதில்லை. திட்டம் அனுமதிக்கப்பட்டவுடன் 40 சதவீதம். வந்ததில் 70 சதவீதத்தைச் செலவழித்து அதற்குரிய சான்றிதழை அனுப்பிய பின் மேலும் 40 சதவீதம். வீடுகளோடு குடிநீர், கழிவுநீர், சாலை முதலிய வசதிகளும் பூர்த்தியான பிறகு கடைசி 20 சதவீதம். சுவர் எழும்பும் ஒவ்வொரு நிலையிலும் படம் பிடித்து, இடக் குறியீட்டுடன் இணையத்தில் ஏற்ற வேண்டும்; சர்க்காரைச் சாராத மூன்றாம் தரப்பினர் தரத்தைப் பரிசோதிக்க வேண்டும்; எல்லாவற்றுக்கும் மேலாக, இன்ன வீடு இன்னாருக்கு என்று பயனாளியின் பெயரும் ஆதார் எண்ணும் பதிவேட்டில் ஏற வேண்டும். பட்டியல் தயாராகாத இடத்தில், கட்டடம் வானளாவி நின்றாலும் கணக்கு முடிவதில்லை.

இதற்கு ஆதாரமான தஸ்தாவேஜு பயன்பாட்டுச் சான்றிதழ் எனப்படுவது. பெற்ற தொகை எவ்வளவு, அது எந்தக் காரியத்துக்காகக் கொடுக்கப்பட்டதோ அந்தக் காரியத்துக்கே செலவாயிற்றா, மிச்சம் எவ்வளவு என்பதை மாநிலம் கையொப்பமிட்டு உறுதி கூறும் பத்திரம் அது. 2017ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளின்படி, நிதியாண்டு முடிந்த பன்னிரண்டு மாதங்களுக்குள் அது போய்ச் சேர வேண்டும். செலவாகாத பணம் வங்கியில் ஈட்டிய வட்டியைக்கூட மாநிலமோ, மாநகராட்சியோ தன்னுடையதென்று வைத்துக்கொள்ள இயலாது. அது இந்தியத் தொகுப்பு நிதிக்குத் திரும்ப வேண்டும். இவ்வளவு கண்டிப்பு எதற்கென்று சிலர் அலுத்துக்கொள்வதுண்டு. எனக்கோ இக்கண்டிப்பு நியாயமாகவே படுகிறது. ஏனெனில், ஏழையின் பெயரால் ஒதுக்கப்பட்ட பணம் வேறொரு தலைப்பில் சத்தமின்றிக் கரைந்துபோவதைத் தடுப்பதற்கு இதைத் தவிர வேறு உபாயம் நம் ஆட்சிமுறையில் இல்லை.

ஆவாஸ் யோஜனாவுக்கு முந்தைய அனுபவம் நமக்குப் போதிய எச்சரிக்கையைத் தந்திருக்கிறது. 2005 டிசம்பரில் தொடங்கிய ஜவாஹர்லால் நேரு நகர்ப்புறப் புனரமைப்புத் திட்டம் ஏழு நிதியாண்டுகளில், அதாவது 2012 மார்ச்சில், முடிவடைய வேண்டியது. ஆனால், அனுமதிக்கப்பட்ட 1,517 வீட்டு வசதித் திட்டங்களில் 2011 மார்ச் இறுதிவரை பூர்த்தியானவை 22 மட்டுமே என்று தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை எடுத்துரைத்தது. அதன் பின் தவணைக்கு மேல் தவணையாகக் காலம் நீட்டிக்கப்பட்டது. ஆவாஸ் யோஜனாவும் இந்த விதிக்கு விலக்காகவில்லை. 2022 மார்ச்சில் முடிய வேண்டியது 2024 டிசம்பர் வரையிலும், பிறகு இன்னும் ஓராண்டும் நீண்டது. அதற்குள் 2024 செப்டம்பரில் இரண்டாம் கட்டமும் பிறந்துவிட்டது.

கடல் கடந்த செல்வ நாட்டிலும் இதே கதைதான். 2008இல் வீட்டுக் கடன் நெருக்கடியால் அமெரிக்க நகரங்களில் தெருத்தெருவாக வீடுகள் பூட்டிக் கிடந்தபோது, அக்கம்பக்கங்களை மீட்பதற்கென்று அந்நாட்டுக் காங்கிரஸ் 392 கோடி டாலரை முதல் தவணையாக ஒதுக்கிற்று. மேலும் இரு முறை நிதி சேர்த்தது. பாழான வீடுகளை வாங்கிச் செப்பனிட்டுக் குடும்பங்களுக்கு விற்பதற்குச் சில ஆண்டுகளே வேண்டியிருந்தன. ஆனால் கணக்கை முடிக்கும் வேலை அதற்கு வெகுகாலம் பின்னும் இழுத்துக்கொண்டு போயிற்று. தொகையில் கால்பங்கு மிகக் குறைந்த வருமானமுள்ளோருக்குப் பயன்பட்டதா, விற்பனையால் திரும்பி வந்த பணம் என்னவாயிற்று என்பனவெல்லாம் அங்கே கேட்கப்படும் கேள்விகள். பொதுப் பணம் செல்லுமிடமெல்லாம் இக்கேள்விகள் பின்தொடர்ந்தே தீரும்.

ஆயினும் இந்தப் படிவங்களுள் எதிலும் முழுமையாக இடம்பெறாத விஷயம் ஒன்று உண்டு. கொல்லூர் அதைத்தான் நமக்குக் காட்டுகிறது. வீடுகள் பெரும்பாலும் எழும்பி நின்ற பின்னும் உரியவர் கைக்கு வரத் தாமதமாயிற்று. குலுக்கல் நடத்திப் பெயர்களைத் தேர்ந்து, நகரின் பற்பல பகுதிகளில் வாடகைக்கு இருந்தவர்களுக்குச் சாவி அளித்தார்கள். ஆனால் நகரின் நடுவிலே வீட்டு வேலை செய்து பிழைக்கும் ஒரு தாய்க்கு, முப்பது கிலோமீட்டருக்கப்பால் கிடைத்த இலவச வீடு, பஸ் வசதியும் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் இல்லாவிடில் என்ன பிரயோஜனம்? பெற்ற வீட்டுக்குக் குடிவராதவர் பலர் என்றும், சிலர் வாடகைக்கு விட்டுவிட்டனர் என்றும் செய்திகள் வந்தது இதனாலேதான். மேலும் ஒன்பது, பத்து, பதினொரு மாடிகள் கொண்ட கட்டடங்களில் லிப்ட் ஓட வேண்டும், நீர் மேலேற வேண்டும். அவற்றைப் பழுதுபார்க்கும் செலவுக்காக வளாகத்தில் கடைகள் கட்டி, வாடகையைப் பயன்படுத்துவதென்று ஏற்பாடு செய்யப்பட்டது. கணக்கு மூடப்பட்டபின் மத்திய சர்க்காரின் கை விலகிவிடும். மாநகராட்சியின் கவனமும் புதிய திட்டங்களை நாடும். எஞ்சியிருப்பவர்கள் குடியிருப்போர் மட்டுமே.

ஆகையால் என் அபிப்பிராயம் இது. கடைசித் தவணையை விடுவிப்பதற்குக் கட்டடம் பூர்த்தியான சான்றிதழ் மட்டும் போதாது. ஒதுக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் ஓராண்டு காலமாவது அங்கே குடியிருக்கிறார்கள் என்பதையும், பராமரிப்புக்கென்று தனி வங்கிக் கணக்கு தொடங்கப்பட்டு அதில் பணம் சேர்ந்துள்ளது என்பதையும் ஒரு ஷரத்தாக வைக்க வேண்டும். அதே சமயத்தில், பட்டியல் தகராறுகளாலும் அலுவலக அசிரத்தையாலும் கணக்கு ஆண்டுக்கணக்கில் திறந்தே கிடப்பதற்கும் முடிவு கட்ட வேண்டும். வராத தவணைக்காகக் காத்திருக்கும் காலமெல்லாம் சாலையும் சாக்கடையும் அரைகுறையாகவே நிற்கும்.

இத்தகைய வீடு ஒன்றைப் பெற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. சாவியோடு திருப்தியடைந்துவிடாதீர்கள். ஒதுக்கீட்டுப் பத்திரம் குடும்பத் தலைவியின் பெயரிலோ, கணவன் மனைவி இருவர் பெயரிலோ சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். குடியிருப்போர் சங்கத்தை முறையாகப் பதிவு செய்யுங்கள். கடை வாடகை எவ்வளவு வருகிறது, எதற்குச் செலவாகிறது என்பதைக் கேளுங்கள். பதில் வராவிட்டால், 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய்க் கட்டணத்தோடு எழுத்து மூலமாகக் கேளுங்கள்.