சரக்கு டிரெய்லரில் குடித்தனம்: முதலில் எடைத் தகட்டைப் பாருங்கள்

2021-ஆம் ஆண்டு சிறந்த படத்துக்கான ஆஸ்கார் விருதை வென்ற 'நோமேட்லேண்ட்' படத்தைப் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். ஆலை மூடப்பட்டு ஊரே காலியான பிறகு, அறுபதைக் கடந்த ஒரு பெண் வேனையே வீடாக்கிக்கொண்டு வேலை கிடைக்கும் இடமெல்லாம் போவார். தோட்டம் விற்கப்பட்டு லயத்தைக் காலி செய்த நம்மவர்களுக்கு அந்தக் காட்சியை யாரும் விளக்கத் தேவையில்லை. ஜெசிக்கா புருடர் 2017-இல் வெளியிட்ட நூலை ஒட்டி எடுக்கப்பட்ட படம் அது. அந்த வாழ்க்கை அமெரிக்காவில் உண்மையிலேயே நடக்கிறது.

அப்படி வாழ்பவர்கள் எல்லாரும் வேனில் இருப்பதில்லை. சிலர் சரக்கு டிரெய்லர் வாங்குகிறார்கள். நம் நெடுஞ்சாலையில் கொள்கலன் ஏற்றிப்போகும் டிரெய்லர் லோரி அல்ல இது. பிக்கப் வண்டியின் பின்னால் கொக்கியில் மாட்டி இழுக்கும் மூடிய பெட்டி. இரும்புச் சட்டம், மேலே அலுமினியத் தகடு, தரைக்குப் பலகை, அவ்வளவுதான். உள்ளே கட்டில் முதல் அடுப்பு வரை நாமே அமைத்துக்கொள்ள வேண்டும். தொழிற்சாலையில் முழுதாகச் செய்து வரும் கேரவனைவிட விலை குறைவு. விடுமுறைக்காக மெல்லிய மரச்சட்டத்தில் செய்த பல கேரவன்கள் ஆண்டு முழுதும் ஓடினால் கூரை ஒழுகி, மரம் உளுத்துப்போகும். சரக்குப் பெட்டி அடி தாங்கும் என்பதே இதை விரும்புவோரின் வாதம். ஆனால் எல்லாப் பெட்டியும் தாங்குவதில்லை.

கடைக்குப் போகிறவர் நிறத்தையும் நீளத்தையும் பார்க்கிறார். பார்க்க வேண்டியது முன்பக்கத்தில் ஒட்டியிருக்கும் எடைத் தகடு. ஒற்றை அச்சுள்ள, 6 அடி அகலமும் 12 அடி நீளமும் கொண்ட பெட்டிகளில் பெரும்பாலும் 2,990 பவுண்டு என்று போட்டிருக்கும். நம் கணக்கில் சுமார் 1,356 கிலோ. அதென்ன 2,990? பல மாநிலங்களில் 3,000 பவுண்டு எடை வந்துவிட்டால் டிரெய்லருக்குத் தனி பிரேக் கட்டாயம். அந்தச் செலவைத் தவிர்க்கத்தான் வரம்பை அதற்குக் கீழே நிறுத்துகிறார்கள். ஆக, அது பிரேக் இல்லாத பெட்டியாக இருக்கலாம்.

வெறும் பெட்டியே 500 முதல் 600 கிலோ இருக்கும். மீதி 800 கிலோ அளவுக்குத்தான். வார இறுதிக்கு இது தாராளம். நிரந்தரமாகக் குடியிருக்க? தண்ணீர் 150 லிட்டர் என்றால் 150 கிலோ. பெரிய ஈய பேட்டரி ஒவ்வொன்றும் 30 கிலோ வரை. சுவர்ப்பலகை, கட்டில், அலமாரி, எரிவாயுத் தோம்பு, துணிமணி, கருவிப்பெட்டி என்று சேரச் சேர வரம்பு எப்போது தாண்டியது என்றே தெரியாது. அதனால் முழுநேரம் குடியிருக்க நினைப்பவருக்கு இரட்டை அச்சே ஏற்றது. 7,000 பவுண்டு, அதாவது 3,175 கிலோ வரம்பு. சக்கரங்களில் மின் பிரேக். ஒரு டயர் வெடித்தாலும் பக்கத்து டயர் பெட்டியைத் தாங்கிப் பிடிக்கும். கூடுதல் விலையைத் தயங்காமல் கொடுக்கலாம்.

எடையை எங்கே வைக்கிறோம் என்பதும் உயிர் விஷயம். மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு கொக்கியின்மேல் இறங்க வேண்டும். பின்பக்கம் கனத்தால் பெட்டி பாம்புபோல ஆடும். வேகத்தில் ஆட ஆரம்பித்தால் இழுக்கும் வண்டியையும் சேர்த்துக் கவிழ்த்துவிடும். தண்ணீர்த் தொட்டி அச்சுக்கு மேலோ சற்று முன்னாலோ இருக்கட்டும். பிக்கப் எவ்வளவு சுமக்கும் என்பது அதன் கதவோரச் சீட்டில் இருக்கும். கொக்கியில் இறங்கும் எடையும் உள்ளே உட்காரும் ஆட்களும் அந்தக் கணக்கில்தான் சேர்த்தி. எல்லாம் ஏற்றிய பிறகு லோரிகள் நிறுத்தும் எடைமேடையில் ஒருமுறை நிறுத்திப் பார்த்துவிடுவது நல்லது.

அடுத்தது சட்டம். சுவர்த் தூண்கள் 16 அங்குலத்துக்கு ஒன்றா, 24 அங்குலத்துக்கு ஒன்றா என்று கேளுங்கள். மலிவான பெட்டியில் 24 இருக்கும். மண்பாதையில் ஓடுவதற்கு 16 வேண்டும். தூண்கள் மடித்த தகடாக இல்லாமல் சதுரக் குழாயாக இருந்தால் இன்னும் உறுதி. குனிந்து அடிப்பாகத்தையும் பார்க்க வேண்டும். ரப்பர் வைத்த அச்சு குலுங்காமல் ஓடும், ஆனால் கெட்டால் அச்சையே மாற்ற வேண்டிவரும். பட்டைச் சுருள் குலுங்கும், ஆனால் சின்ன ஊர் பட்டறையிலும் சரிசெய்யலாம். ஊர் ஊராய்ப் போகிறவருக்குப் பட்டைச் சுருளே துணை.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2321 என்றால் 2021-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. ஐந்தாறு ஆண்டு கடந்திருந்தால், பூ தேயாவிட்டாலும் மாற்றிவிடுங்கள். உங்கள் காரிலும் இதே எண் இருக்கும், இன்றே பார்க்கலாம்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, இது பொருளுக்காகச் செய்த பெட்டி. மூச்சுவிடும் மனிதருக்காக அல்ல. லயத்துத் தகரக் கூரைக்குக் கீழே மத்தியானம் படுத்தவர்களுக்கு அந்தச் சூடு தெரியும். அங்கே குளிர்காலம் வேறு. இரண்டு பேர் இரவு முழுதும் விடும் மூச்சு, குளிர்ந்த இரும்புத் தூண்களில் நீராக வழிந்து பலகையை அழுக வைக்கும். சுவரிலும் கூரையிலும் நுரைப்பலகை பதித்து, கூரையில் காற்றாடி வைத்தாக வேண்டும். குளிருக்குப் பயந்து எல்லாவற்றையும் மூடிக்கொண்டு எரிவாயு அடுப்பை எரிப்பது ஆபத்து. கார்பன் மோனோக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே கொல்லும். புகையை வெளியே தள்ளும் ஹீட்டரும் எச்சரிக்கைக் கருவியும் வேண்டும்.

கதவைப் பற்றிப் பலர் யோசிப்பதில்லை. பல சரக்குப் பெட்டிகளில் தாழ்ப்பாள் வெளியே மட்டும்தான். யாராவது வெளியே தாழிட்டால் உள்ளே இருப்பவர் சிறைதான். உள்ளிருந்தும் திறக்கும் பூட்டுள்ள பக்கக் கதவை வாங்கும்போதே கேட்டு வாங்குங்கள். தீப்பிடித்தால் வெளியேற, ஆள் நுழையும் அளவில் ஒரு சன்னலும் வேண்டும். அதற்காகத் தூணை வெட்டினால் சுற்றிலும் புதுச் சட்டம் வைத்துப் பற்றவைக்க வேண்டும்.

நிறுத்த இடம்? மேற்கு மாநிலங்களில் கூட்டரசு நில நிர்வாகத்தின் பொது நிலம் நிறைய உண்டு. அங்கே பொதுவாக ஓரிடத்தில் 14 நாள் இலவசமாகத் தங்கலாம். பிறகு நகர வேண்டும். அரிசோனாவின் குவார்ட்சைட் அருகே செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை கட்டணம் கட்டி நீண்ட நாள் தங்கும் இடமும் இருக்கிறது. கேரவன் பூங்காக்களில் சில, கையால் செய்த பெட்டியை உள்ளே விடுவதில்லை. அங்கே தங்குவதுதான் திட்டம் என்றால், டிரெய்லருக்குப் பணம் கட்டும் முன்பே பூங்காவைக் கூப்பிட்டுக் கேட்டுவிட வேண்டும்.