மன்னார்க் கரையும் அதன் இரு கடல்களும்

நிலத்தை ஐந்திணையாக வகுத்த பண்டைத் தமிழர் கடலையும் கடல் சார்ந்த இடத்தையும் நெய்தல் என வழங்கினர். அந்நிலத்துக்கு வருணனைத் தெய்வமாகவும் எற்பாட்டைச் சிறுபொழுதாகவும் தொல்காப்பியம் கூறும். இரங்கல் அதன் உரிப்பொருள் என்பர் இலக்கண நூலார். கடன்மேற் சென்றவர் மீளும்வரை கரையிலிருந்து காத்திருப்போர் வாழும் நிலத்துக்கு இவ்வுரிப்பொருள் மிகப் பொருந்துவதேயாம். எனினும், இக்காலத்தில் நகரத்தின் ஆரவாரத்தினின்றும் நீங்கிச் சின்னாட்கள் இளைப்பாற விரும்புவோர் கடற்கரையை நாடுவது வேறொரு நோக்குடனாகும். மணலும் அலையும் மாலைக் காற்றுமே அவர் வேண்டுவன. மனித நடமாட்டம் குறைந்த கரையை அவர் 'அமைதியான இடம்' என்று போற்றுவர். அவ்வமைதி வெறுமையன்று. அது காற்றும் நீரும் உயிர்களும் உழைப்பும் தம்முள் இயைந்து நிற்பதனாலே விளைவது. இவ்வுண்மையை விளக்குதற்கு ஈழத்தின் வடமேற்கிலுள்ள மன்னார்த் தீவினும் சிறந்த எடுத்துக்காட்டுக் கிடைத்தல் அரிது.

மன்னார்த் தீவு பெருநிலத்தோடு ஒரு தாம்போதியால் இணைக்கப்பட்டது. மன்னார் நகரிலிருந்து மேற்கு முனையாகிய தலைமன்னாருக்கு ஏறக்குறைய 30 கிலோமீற்றர் தூரமாகும். தீவு நீண்டு ஒடுங்கியது; மேடு பள்ளம் அதிகமின்றிப் பெரும்பாலும் மணலாலானது. மழை குறைந்த இந்நிலத்தில் பனையும் முள்மரங்களும் செழிக்கின்றன. பருத்த அடிமரத்தையுடைய பெருக்கமரங்கள் ஆங்காங்கு நிற்கின்றன. ஆபிரிக்காவைத் தாயகமாகவுடைய இம்மரங்கள் பழைய கடல் வணிகத் தொடர்பினால் இங்கு வந்து சேர்ந்தனவெனக் கருதப்படுகின்றன. தீவின் வடக்கே பாக்கு விரிகுடா. தெற்கே மன்னார் வளைகுடா. இவ்விரண்டும் பெயரால் மட்டுமன்றித் தன்மையாலும் வேறுபட்டவை. பாக்கு விரிகுடா பெரும்பாலும் 15 மீற்றருக்கும் குறைந்த ஆழமுடையது. சேறும் மணலும் கடற்புல்லும் நிறைந்தது. மன்னார் வளைகுடாவோ கரையை விட்டு அகல அகல ஆழம் மிகுந்து ஈற்றில் இந்து சமுத்திரத்தோடு கலப்பது. ஒரு தீவிலே நின்று காலையில் ஒரு கடலையும் மாலையில் மற்றொரு கடலையும் காணும் வாய்ப்பு இங்கு வாய்த்துள்ளது.

இவ்விரு கடல்களின் நிலையையும் வகுப்பது காற்றாகும். ஏறக்குறைய வைகாசி முதல் புரட்டாதி வரை தென்மேற்கிலிருந்து சோளகம் வீசும். அக்காலத்தில் மன்னார் வளைகுடாப் பக்கத்தில் அலை உயர்ந்து கடல் கொந்தளிக்கும். தீவின் மறைவில் உள்ள வடகரையோ ஓரளவு அடங்கியிருக்கும். மார்கழி, தை மாதங்களில் வாடை வீசுங்கால் இந்நிலை மாறும். அப்பொழுது பேசாலை போன்ற வடகரை ஊர்களின் முன்னுள்ள கடல் குமுற, தாழ்வுபாடு முதலிய தென்கரை ஊர்களின் முன்னுள்ள கடல் குளம்போலக் கிடக்கும். ஆகவே ஒரே கரையை ஒருவர் ஆனியிற் கண்டு 'அச்சந்தரும் கடல்' என்றும், இன்னொருவர் மாசியிற் கண்டு 'அமைதியான கடல்' என்றும் கூறுதல் கூடும். இருவர் கூற்றும் மெய்யே. மீனவர் இதனை நன்கறிவர். காற்று மாறுந்தோறும் படகுகளையும் வலைகளையும் ஒரு கரையிலிருந்து மற்றக் கரைக்கு மாற்றுவதும், பருவத்துக்கேற்ப வேற்றூர்க் கரைகளில் வாடியமைத்துத் தங்குவதும் வடபகுதி மீனவரின் நெடுங்கால வழக்கம். அவரது பஞ்சாங்கம் காற்றினால் எழுதப்பட்டது எனலாம்.

தென்கரையில் அமைதிக் காலத்தில் காணத்தக்க தொழிற்காட்சி கரைவலை இழுப்பாகும். ஒரு நீண்ட கயிற்றின் முனையைக் கரையிலே நிறுத்திவிட்டுத் தோணி கடலினுட் செல்லும். செல்லும் வழியிற் கயிற்றையும் பின்னர் வலையையும் அரைவட்டமாக இறக்கி, இரண்டாவது கயிற்றின் முனையோடு வேறோரிடத்திற் கரையேறும். பின்பு இரு பக்கமும் ஆட்கள் அணிவகுத்து நின்று இழுப்பர். வலையின் இரு கைகளும் கரையை நெருங்க நெருங்க, அணிகள் இரண்டும் ஒன்றையொன்று நோக்கி நகரும். நடுவிலுள்ள மடியில் மீன் திரளும். இழுப்போர் கைகளும் கால்களும் ஒரே கதியில் இயங்குதற்பொருட்டு அம்பாப் பாடல்கள் பாடப்படுவது மரபு. தனிமனிதர் பலரின் வலிமையை ஒரு வலிமையாக்குவதே அப்பாட்டின் பயன். இன்று உழவு இயந்திரத்தால் கயிற்றை இழுக்கும் வழக்கம் பல கரைகளிற் புகுந்துவிட்டமையால் அப்பாட்டு அருகி வருகின்றது.

கரைவலைக்கு எல்லை வகுக்கப்பட்ட இடம் பாடு எனப்படும். வலையும் தோணியும் உடையவர் சம்மாட்டி. ஒரு பாட்டில் வலை பல இருப்பின் முறைவைத்தே இறக்குவர்; முறை தவறின் பிணக்கு விளையும். விற்றுவந்த பணத்தைச் செலவு நீக்கிப் பங்கிடும் விதம் ஊருக்கு ஊர் வேறுபடும். ஆயினும், கூலி என்று முன்கூட்டி வரையறாது பாட்டின் நன்மை தீமைகளில் எல்லோரும் பங்குகொள்ளும் கொள்கை பொதுவானது. புதிதாக வந்தவர் கண்ணுக்கு வெறும் மணலாகத் தோன்றும் நிலம், ஊரவர்க்கு உரிமையும் முறையும் வழக்கும் எழுதப்பட்ட ஏடாகும் என்பது இதனாற் பெறப்படும்.

மடியிற் காண்பனவும் கற்பதற்குரியவை. சூடை, நெத்தலி, காரல் முதலிய சிறுமீன்கள் பெருந்தொகையாக வரும். அவற்றைத் துரத்திவந்த பாரையும் சீலாவும் இடையிடையே அகப்படும். சிறுமீனிற் பெரும்பகுதி உப்பிட்டு மணலிலும் பாயிலும் உலர்த்தப்பட்டுக் கருவாடாகும். கருவாட்டுக்கு வெயிலும் வறண்ட காற்றும் வேண்டும். மழை குறைந்த மன்னார் அத்தொழிலுக்கு ஏற்றதாயிற்று. பயிருக்குக் குறையாகிய வறட்சி மீனுக்கு நிறையாயிற்று என்பது இந்நிலத்தின் இயல்புகளுள் ஒன்று.

வடகரையின் தொழில் இதனின் வேறானது. ஆழங்குறைந்த அக்கடலில் நண்டுவலையும் சிறுபடகும் மிகுதி. பாக்கு விரிகுடாவின் நீலநண்டு வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியாவது. தூண்டிலிடுவோரும் வீச்சுவலை எறிவோரும் நீரேற்றத்தின் பொழுது கரையோரத்தில் ஓராவையும் திரளியையும் நாடுவர். இம்மீன்களின் பெருக்கத்துக்கு ஆதாரம் நீரடியிலே விளையும் கடற்புல்வெளியாகும். காற்று அலைத்துக் கரையில் ஒதுக்கும் அதன் காய்ந்த இலைகளைக் குப்பையென்று அருவருப்போர் உளர். அப்புல்லிடையேதான் நண்டும் இறாலும் மீன்குஞ்சும் ஒளித்து வளர்கின்றன. ஆவுளியா என்னும் கடற்பசு அப்புல்லையே மேய்ந்து உயிர்வாழ்வது. பாலூட்டி இனமாகிய இவ்வுயிர் முன்னர் இக்கடல்களில் மிகுதியாக இருந்து, இறைச்சிக்காக வேட்டையாடப்பட்டு இன்று மிக அருகிவிட்டது. இலங்கைச் சட்டம் அதனைக் கொல்லுதலைத் தடைசெய்துள்ளது. எதிர்க்கரையில் தமிழ்நாட்டரசு 2022 இல் பாக்கு விரிகுடாவின் 448 சதுர கிலோமீற்றர் பரப்பைக் கடற்பசுக் காப்பகமாக அறிவித்தது. கடற்பசு இரு நாட்டெல்லையையும் அறியாது. அதனைக் காக்கும் முயற்சியும் இரு கரைகளுக்கும் பொதுவாயிருத்தல் வேண்டும்.

இனி, கரையிலும் களப்பிலும் காணப்படும் பறவைகளை நோக்குதல் தகும். பெருநிலத்தைத் தீவோடிணைக்கும் தாம்போதியின் இருமருங்கும் பரந்துள்ள சேற்று நிலமும் உப்புச் சதுப்பும் வங்காலைச் சரணாலயத்துட் பெரும்பாலும் அடங்குவன. 2008 இற் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இது, 2010 இல் உலக முக்கியத்துவமுடைய ஈரநிலங்களின் ராம்சார் நிரலிற் சேர்க்கப்பட்டது. இதன் பரப்பு 4,839 ஹெக்டேயர். வட ஆசியாவின் குளிருக்கு அஞ்சித் தெற்கு நோக்கிப் பறந்துவரும் வாத்துகளும் உள்ளான்களும் மூக்கன்களும் இலங்கையில் முதலாவதாக இறங்கும் இடங்களுள் மன்னார் ஒன்று. ஊசிவால் வாத்துகள் ஆயிரக்கணக்கில் நீரில் மிதப்பதைத் தை, மாசி மாதங்களிற் காணலாம். பூநாரை தன் வளைந்த அலகைத் தலைகீழாக நீருட் செலுத்தி, சேற்றுநீரை வடித்து நுண்ணுயிர்களை உட்கொள்ளும். அதன் இறகின் செந்நிறம் அவ்வுணவினால் வருவது. பிறவியிற் குஞ்சு சாம்பல் நிறமானதே.

தலைமன்னாருக்கு அப்பால், இராமேசுவரத் தீவின் தனுட்கோடி வரை ஏறத்தாழ 30 கிலோமீற்றருக்கு மணற்றிட்டுகள் தொடராகக் கிடக்கின்றன. இராமர் அணை என்றும் ஆதாம் பாலம் என்றும் வழங்கும் இத்தொடரின் இலங்கைப் பகுதி 2015 இல் தேசிய பூங்காவாக அறிவிக்கப்பட்டது. ஆலாப் பறவைகள் இத்திட்டுகளின் வெறுமணலில் முட்டையிடுகின்றன. நண்டுண்ணிப் பறவையோ மணலைக் குடைந்து வளையமைத்து அதனுள் ஒற்றை வெண்முட்டையிடும். வெயில் ஏறிய மணலின் சூடு அம்முட்டையை அடைகாக்க உதவுகின்றது. இத்தகைய திட்டில் மனிதர் ஓரிருவர் காலடி வைத்தாலும் முட்டை நசுங்குதல் கூடும்; தாய்ப்பறவை வெருண்டு நீங்கினால் வெயிலிற் குஞ்சு மடியும். பார்க்கத்தக்க இடமெல்லாம் மிதிக்கத்தக்க இடமன்று என்பதற்கு இது சான்று.

இக்கரை என்றும் இவ்வாறு தனித்துக் கிடந்ததன்று. தீவுக்கு எதிரேயுள்ள மாதோட்டம் பழம்பெருந் துறைமுகமாக விளங்கியது. 1980 களின் முற்பகுதியில் அங்கு நிகழ்ந்த அகழ்வுகளிற் சீன நாட்டினதும் மேற்காசியாவினதும் மட்பாண்டத் துண்டுகள் கிடைத்தன. அத்துறையை அடுத்த திருக்கேதீச்சரத்தைச் சம்பந்தரும் சுந்தரரும் பாடியுள்ளனர். 1560 இற் போர்த்துக்கீசர் தீவைக் கைப்பற்றிக் கோட்டை கட்டினர். 1914 இல் தலைமன்னாருக்கும் தனுட்கோடிக்குமிடையே புகைவண்டிப் பயணிகளுக்கான கப்பற்சேவை தொடங்கியது. 1964 மார்கழிப் புயல் தனுட்கோடியை அழித்து அவ்வழியைக் குலைத்தது.

கடல் வளத்தின் வரலாற்றில் மறத்தற்கரிய பாடம் முத்துக்குளிப்பினாற் கிடைத்தது. பெருநிலக்கரையில் அரிப்பு, சிலாவத்துறை என்னும் ஊர்களுக்கு அப்பாலுள்ள பார்களில் 1905 இல் 8 கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. அவ்வருவாயைக் கண்டு ஆசைகொண்ட ஓர் ஆங்கிலக் கம்பனி 1906 இல் அப்பார்களை 20 ஆண்டுக்குக் குத்தகையாகப் பெற்றது. சில ஆண்டுகளுக்குள் சிப்பி அருகிப்போகக் கம்பனி நட்டமுற்றுக் கலைந்தது. ஓராண்டின் பெருக்கத்தை என்றுமுள்ள பெருக்கமாக எண்ணுதல் எத்துணைப் பேதைமை என்பதை இது காட்டும்.

பின்வந்த போர் இக்கரையை வேறுவிதமாக வெறிதாக்கியது. மீன்பிடிக்குத் தடைகள் விதிக்கப்பட்டன. பலர் ஏதிலிகளாய்க் கடல் கடந்தனர். 1990 ஒக்டோபரில் முசுலிம் மக்கள் வடபுலத்தினின்றும் வெளியேற்றப்பட்டபொழுது மன்னார் முசுலிம்களும் தம் ஊர்களை இழந்தனர். அக்காலத்தில் இங்கு வந்த ஒருவர் ஆளற்ற கரையைக் கண்டிருப்பார். அதனை அமைதியென்று ஒருவரும் கூறார். 2009 இற் போர் முடிந்தபின் மக்கள் மீண்டனர். 2015 இல் தலைமன்னார்ப் புகையிரதமும் மீண்டது. தோணிகள் வரிசையாக நிற்பதும், கருவாடு காய்வதும், சிறுவர் மணலில் ஓடுவதுமே இக்கரையின் உண்மையான அமைதியாகும்.

அவ்வமைதிக்கு இன்று நேரும் இடர்கள் சிலவுள. அடிமட்ட இழுவை மடி கடலின் தரையைச் சுரண்டிக் கடற்புல்லையும் குஞ்சுகளையும் ஒருங்கே வாரிச் செல்வது. இலங்கையில் அது 2017 இற் சட்டத்தாற் றடுக்கப்பட்டது. எனினும், எதிர்க்கரையிலிருந்து வரும் இழுவைப் படகுகள் இங்குள்ள மீனவர் வலைகளை அறுத்துச் செல்லும் வழக்கு இன்னும் தீராது தொடர்கின்றது. இரு பக்கத்தாரும் ஒரு மொழி பேசும் உழைப்பாளராதலின் இப்பிணக்கு மிக வருந்தத்தக்கது. மிக நுண்ணிய கண்ணுடைய வலைகளும் வளராத மீனை அழிப்பனவே. அவ்வகையில் உள்ளூராரும் குற்றத்தினின்று முற்றாக நீங்கியவரல்லர். அன்றியும், 2020 மார்கழியில் தென்கரையில் 30 காற்றாலைகள் கொண்ட மின்னிலையம் திறக்கப்பட்டது. புகையின்றி மின்சாரம் பெறுதல் நாட்டுக்கு நன்மையே. ஆயின் மீனவரின் பஞ்சாங்கத்தை வகுத்த அதே காற்றுப்பாதையே வலசைப் பறவைகளுக்கும் வழியாதலின், எவ்விடத்தில் எத்தனை காற்றாலை தகும் என்னும் வினாவை ஊராரும் பறவையியலாரும் எழுப்பி வருகின்றனர். அவ்வினா விடை பெறவேண்டியதேயாம்.

இங்கு வரும் விருந்தினர் செய்யத்தக்கவை எளியன. காற்றின் பருவமறிந்து வருதல் முதலாவது: தென்கரையையும் பறவைகளையும் காண விழைவோர் தை முதல் பங்குனி வரையுள்ள காலத்தைத் தெரிதல் நன்று. கரைவலை இழுக்குமிடத்து, கயிற்றையும் வலையையும் மிதியாது ஒதுங்கி நிற்றலும், தூண்டிலிடும் முன் ஊரவரிடம் இடங்கேட்டலும், சிறுமீனை மீளக் கடலில் விடுதலும், பறவைக் கூட்டத்தைத் தொலைவிலிருந்தே நோக்குதலும் அடுத்தவை. மீனைக் கரையிலேயே வாங்குவோர் அவ்வூரின் வாழ்வுக்கு நேரே துணைபுரிகின்றனர்.

எற்பாட்டு வேளையிற் கடைசிப் படகு கரையேறி, வலை உலர்த்தப்பட்டு, பூநாரைக் கூட்டம் களப்பின்மேல் வரிசையாகப் பறக்கும்பொழுது மன்னார்க் கரையில் ஓசை அடங்குகின்றது. அவ்வடக்கம் ஒரு நாளுழைப்பின் முடிவு. அடுத்த நாளுழைப்புக்கான காத்திருப்பு. அதனை அறிந்து நிற்பவர்க்கே நெய்தலின் அமைதி முழுமையாகப் புலனாகும்.