சிறிய கணினிப் பெட்டிகளில் வரைகலை அட்டைக் குளிர்விப்பான்

வரைகலை அட்டைக் குளிர்விப்பான் என்பது கணினியின் வரைகலை அட்டையில் உண்டாகும் வெப்பத்தை உலோகத் தகடுகள், விசிறிகள் ஆகியவற்றின் துணையால் காற்றுக்குக் கடத்தும் அமைப்பு ஆகும். பெரிய பெட்டிகளில் எந்த வகையைத் தேர்ந்தாலும் பெரும் இடர் நேர்வதில்லை. 170 மி.மீ. சதுரமான மினி-ஐடிஎக்ஸ் தாய்ப்பலகைக்கென அமைந்த சிறிய பெட்டிகளில் தவறான தேர்வு அட்டையின் வேகத்தைக் குறைத்து இரைச்சலைக் கூட்டும்.

வெப்பத்தின் அளவு

அட்டை பெறும் மின்னாற்றல் ஏறத்தாழ முழுவதும் வெப்பமாகவே மாறுகிறது. 250 வாட் அட்டை நொடிக்கு 250 ஜூல் வெப்பத்தை வெளியிடும். இவ்வெப்பத்தை ஏற்கும் காற்று 10 °செ.க்கு மேல் சூடாகாதிருக்க, நொடிக்கு ஏறக்குறைய 20 லிட்டர் காற்று தேவை. அதாவது 10 லிட்டர் பெட்டியொன்றில், அதன் கொள்ளளவைப் போல் இருமடங்கு காற்று ஒவ்வொரு நொடியும் உள்ளே வந்து வெளியேற வேண்டும். குளிர்விப்பான் வெப்பத்தை அழிப்பதில்லை, இடம் மாற்றுகிறது. எங்கே மாற்றுகிறது என்பதிலேயே வகைகள் வேறுபடுகின்றன.

புளோவர் வகை

மூடிய உறைக்குள் ஒரு மையவிலக்கு விசிறி காற்றைத் தகடுகளினூடே தள்ளி, அட்டையின் பின்புறத் துளைகள் வழியே பெட்டிக்கு வெளியே அனுப்புகிறது. 2016இல் வெளிவந்த ஜிடிஎக்ஸ் 1080 ஃபவுண்டர்ஸ் எடிஷன் (180 வாட்) இவ்வகையினது. குறுகிய வழியில் காற்றைத் தள்ள விசிறி விரைந்து சுழல வேண்டியிருப்பதால் இரைச்சல் மிகும். 2003இல் வந்த ஜீஃபோர்ஸ் எஃப்எக்ஸ் 5800 அல்ட்ரா, கையடக்கத் தூசி உறிஞ்சியை நினைவூட்டும் "டஸ்ட்பஸ்டர்" என்னும் கேலிப்பெயரைப் பெற்றது.

திறந்த வகை

ஒன்று முதல் மூன்று வரையிலான அச்சுவழி விசிறிகள் தகடுகளின் மீது நேரே காற்றை வீசுகின்றன. அமைதியானது; ஆனால் சூடான காற்றில் பெரும்பகுதி பெட்டிக்குள்ளேயே பரவும். 2018இல் ஆர்டிஎக்ஸ் 2080 முதல் என்விடியாவும் தன் சொந்த அட்டைகளில் அச்சுவழி விசிறிகளுக்கு மாறியது.

தேர்வு

"சிறிய பெட்டியெனில் புளோவர்" என்னும் வழக்கமான அறிவுரை முழுதும் சரியன்று. பெட்டியின் அளவைவிடக் காற்றுத் துளைகள் எங்குள்ளன என்பதே முதன்மையானது. 7.2 லிட்டர் கொள்ளளவுள்ள டான் ஏ4-எஸ்எஃப்எக்ஸ் போன்ற பெட்டிகளில் அட்டை, ரைசர் கேபிள் வழியாகத் தாய்ப்பலகையின் மறுபுறம் நிற்கிறது. விசிறிகள் துளையிட்ட பக்கத் தகட்டை ஒட்டியிருப்பதால் வெளிக்காற்றை நேரே இழுக்கின்றன. இங்கு திறந்த வகையே ஏற்றது. மாறாக, பக்கங்கள் மூடப்பட்டு, வெளியேற்று விசிறியும் இல்லாத பெட்டியில் திறந்த வகை தான் வெளியிட்ட சூட்டையே மீண்டும் உறிஞ்சும். அருகிலுள்ள மையச் செயலகமும் வன்தட்டும் சேர்ந்தே சூடாகும். அங்கு புளோவரின் இரைச்சலைப் பொறுத்துக்கொள்வதே அறிவுடைமை. விசிறிக்கும் மூடிய தகட்டுக்கும் இடையே சில மில்லிமீட்டரே இருந்தால் எவ்வகையும் பயன் தராது.

ஐயமிருப்பின், அட்டையைக் கடும் வேலையில் ஓடவிட்டுப் பக்கத் தகட்டைக் கழற்றிப் பார்க்கலாம். வெப்பநிலை வெகுவாகக் குறைந்தால் குறை பெட்டியின் காற்றோட்டத்தில் உள்ளது. புதிய அட்டை வாங்குவதால் அது தீராது.

தடிமனையும் அளந்துகொள்ள வேண்டும். செருகுவாய்களின் இடைவெளி 20.32 மி.மீ. ஆகையால், இரண்டு செருகுவாய்களுக்கான பெட்டியில் இரண்டரை அளவுள்ள திறந்த வகை அட்டை நுழையாது.

அண்மைக் காலத்தில் புளோவர் வகை பெரும்பாலும் பணிநிலைய அட்டைகளிலேயே கிடைக்கிறது. ஒற்றைச் செருகுவாய்த் தடிமனில் 140 வாட் கொண்ட ஆர்டிஎக்ஸ் ஏ4000 (2021) அவற்றுள் ஒன்று.