புது வீட்டில் பிளக் பாயிண்ட்: பூச்சு வேலைக்கு முன் பார்க்க வேண்டியவை

வீடு கட்டும்போது நம் வணிகர்கள் சிமெண்டுக்கும் கம்பிக்கும் நாலு கடையில் விலை விசாரிப்பார்கள். மணல் லோடு அளவு சரியா என்று லாரி மேல் ஏறிக்கூடப் பார்ப்பார்கள். வயரிங் என்று வந்துவிட்டால் மட்டும் "பாயிண்ட்டுக்கு என்ன ரேட்?" என்ற ஒரே கேள்வியோடு பேச்சு முடிந்துவிடும். எத்தனை பாயிண்ட், எந்த இடத்தில், எவ்வளவு உயரத்தில் என்பதையெல்லாம் வயர்மேன் தீர்மானிக்கிறார். அந்த வீட்டில் குடியிருக்கப் போவது அவரல்ல. மிக்ஸி எங்கே இருக்கும், கட்டில் எந்தப் பக்கம் வரும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? அறைக்கு ஒரு போர்டு, போர்டுக்கு ஒரு பிளக் என்று வழக்கப்படி வைத்துவிட்டுப் போய்விடுகிறார். குடிபுகுந்த ஆறு மாதத்தில் வீடு முழுக்க எக்ஸ்டென்ஷன் பெட்டிகள் ஓடத் தொடங்கும்.

அந்தப் பெட்டியில்தான் ஆபத்து இருக்கிறது. கணக்கு எளிது. ஒரு சாமானின் மேல் எழுதியிருக்கும் வாட்ஸை 230 ஆல் வகுத்தால் ஏறக்குறைய அது இழுக்கும் ஆம்பியர் கிடைக்கும். 1000 வாட்ஸ் இஸ்திரிப் பெட்டி நாலு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். 1500 வாட்ஸ் கெட்டில் ஆறரை. 2000 வாட்ஸ் இண்டக்ஷன் அடுப்பு ஒன்பதை நெருங்கும். சிறிய பிளக் 6 ஆம்பியருக்கும், பெரிய பிளக் 16 ஆம்பியருக்கும் செய்யப்பட்டவை. (நம் வயதுக்காரர்கள் இன்றும் 5, 15 என்றே சொல்கிறோம்.) எக்ஸ்டென்ஷன் பெட்டியில் நாலு துளை இருக்கிறது என்பதற்காக அதன் ஒல்லி வயர் நாலு சாமானைத் தாங்கிவிடாது. ஆம்பியர் இரண்டு மடங்கானால் வயரில் சூடு நாலு மடங்காகும். பிளக் கொஞ்சம் லூசாக இருந்தால் அந்த இடத்தில் சூடு இன்னும் கூடும். பெட்டி கிடப்பது பெரும்பாலும் பாய், திரை, அட்டைப் பெட்டி இவற்றின் பக்கத்தில்தான். பொறி பட்டால் என்ன ஆகும் என்று சாக்கும் அட்டையும் கையாளும் நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

சுவரில் பிளக் போதுமான அளவு இருந்தால் இந்தப் பெட்டிக்கே வேலையில்லை. அதற்கு இரண்டு தேதிகளைத் தவற விடக்கூடாது. முதலாவது, கான்கிரீட் போடும் நாள். மேல்தளத்தில் ஃபேன் பெட்டியும் பைப்பும் கம்பி கட்டும்போதே போய்விட வேண்டும். இரண்டாவது, சுவர் எழும்பி, காடி வெட்டுவதற்கு முந்தின நாள். அன்றைக்குச் சாக்பீஸோடு போய் ஒவ்வொரு அறையிலும் சுவரில் குறியிட வேண்டும். கொள்முதலுக்குப் போகுமுன் லிஸ்ட் எழுதுவதில்லையா, அதைப் போல. தனியாகப் போகாதீர்கள். வீட்டுப் பெண்களை அழைத்துப் போங்கள். சமையலறையில் நாம் சொல்லும் யோசனை எதுவும் உருப்படாது.

சமையலறையில்தான் அதிகக் கவனம் வேண்டும். மிக்ஸிக்கும் கிரைண்டருக்கும் அடுத்தடுத்து இரண்டு பிளக், மேடைக்கு ஒரு அடி மேலே. அடுப்புக்கு நேர் மேலேயும் குழாய்க்குப் பக்கத்திலும் வேண்டாம். பிரிட்ஜுக்குத் தனிப் பிளக். இண்டக்ஷன் அடுப்பை நினைத்து ஒரு 16 ஆம்பியர் பிளக். இன்று வாங்காவிட்டாலும் மருமகள் வந்ததும் வாங்குவாள். தண்ணீர் சுத்திகரிக்கும் கருவிக்கு மேலே ஒன்று. இப்படி எண்ணினால் சமையலறைக்கு மட்டுமே ஐந்து பிளக் வந்துவிடும். வயர்மேன் சிரிப்பார், சிரிக்கட்டும்.

படுக்கையறையில் கட்டிலின் இரண்டு பக்கமும் பிளக் இருக்கட்டும். மாடிப்படிக்கு மேலும் கீழும் டூ-வே சுவிட்ச். குளியலறைக்குள் கீசர் பிளக் ஒன்று போதும், அதுவும் தண்ணீர் தெறிக்காத உயரத்தில். சுவிட்ச் வெளியே. வாசலில் மழை படாத மூடியோடு ஒரு பெரிய பிளக் அவசியம். கார்த்திகைக்கும் தீபாவளிக்கும் சீரியல் லைட் போட, வீட்டு விசேஷத்துக்கு மைக் செட்காரர் கேட்க, இப்போது மின்சார ஸ்கூட்டர் சார்ஜ் ஏற்ற என்று எல்லாவற்றுக்கும் உதவும். அது இல்லாவிட்டால் மைக் செட் ஆள் நேரே மெயின் போர்டைத் திறந்து வயரைச் செருகுவார்.

வயர் அளவைப் பார்ப்போம். விளக்கு, ஃபேனுக்கு 1.5 சதுர மில்லிமீட்டர், 16 ஆம்பியர் பிளக்குக்கு 2.5, ஏ.சி.க்கும் கீசருக்கும் 4 என்று வாங்குவது நல்ல வழக்கம். ஐ.எஸ்.ஐ. முத்திரை பாருங்கள். காயில் 90 மீட்டர் என்று போட்டிருந்தால் அது 90 இருக்கிறதா என்றும் பாருங்கள். எடை குறைந்த சரக்கைக் கண்டுபிடிக்கும் கண் நமக்கு உண்டு. கீசருக்கும் ஏ.சி.க்கும் டி.பி. பெட்டியிலிருந்தே தனித் தனி லைன் வர வேண்டும், தனித் தனி எம்.சி.பி.யோடு. சுவிட்ச் அடிக்கடி விழுகிறதே என்று 16 ஆம்பியர் எம்.சி.பி.யை எடுத்துவிட்டு 32 போடும் ஆட்கள் இருக்கிறார்கள். அதை அனுமதிக்காதீர்கள். எம்.சி.பி. விழாவிட்டால் சுவருக்குள் வயர் கருகும்.

எம்.சி.பி. வயரைக் காக்கும். ஆள் மேல் ஷாக் அடிப்பதை அது தடுக்காது. அதற்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. வேண்டும். மின்சாரம் வெளியே கசிந்தால் கண் இமைக்கும் நேரத்தில் அது லைனைத் துண்டிக்கும். அதன் டெஸ்ட் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்க வேண்டும். எர்த் விஷயத்தில் ஏமாந்தவர்கள் நம்மிடையே அதிகம். பிளக்கில் மூன்று துளை இருக்கும், பெரிய துளைக்குப் பின்னால் பச்சை வயரே இருக்காது. வேலை முடிந்ததும் ஒவ்வொரு பிளக்கிலும் எர்த் இருக்கிறதா என்று சோதித்துக் காட்டச் சொல்லுங்கள். தண்ணீர்க் குழாயில் எர்த்தைக் கட்ட விடாதீர்கள்.

2012-ல் பல மாவட்டங்களில் நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் மின்வெட்டு இருந்தது. அப்போது இன்வெர்ட்டர் வாங்கியவர்கள் அழகான சுவரின் மேலேயே வெளி வயர் இழுத்தார்கள். புது வீட்டில் அதற்கும் முதலிலேயே தனிப் பைப், தனி நியூட்ரல் விட்டுவிட வேண்டும். நியூட்ரல் கலந்துவிட்டால் ஆர்.சி.சி.பி. காரணமில்லாமல் விழுந்துகொண்டே இருக்கும்.

கீழே கடை, மேலே வீடு என்று கட்டுகிறவர்கள் நம்மில் பாதிப் பேர். அவர்களுக்குத் தனியாகச் சில வார்த்தைகள். கடைக்கு வணிகக் கட்டணத்தில் தனி மின் இணைப்பு வாங்குங்கள். வீட்டு மீட்டரிலிருந்து ஒரு வயரைக் கீழே இறக்கிப் பால் பிரிட்ஜுக்குக் கொடுப்பது சில்லறை மிச்சமாகத் தெரியும். 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம் 126-ஆம் பிரிவு, அனுமதித்த காரியத்துக்கு அல்லாமல் வேறு காரியத்துக்கு மின்சாரம் பயன்படுத்துவதை முறைகேடாகவே கருதுகிறது. கட்டணம் இரு மடங்காகக் கணக்கிடப்படும். எப்போதிலிருந்து என்று தெரியாவிட்டால் பின்னோக்கி 12 மாதம் போடலாம். நமக்குத் தெரிந்த ஒரு மளிகைக்காரர் இதில் கட்டிய தொகைக்கு இன்னொரு பிரிட்ஜே வாங்கியிருக்கலாம்.

கடையின் வயரிங்கை இரண்டாகப் பிரிக்கச் சொல்லுங்கள். பிரிட்ஜ், ஃப்ரீசர், கேமரா ஒரு லைன். விளக்கு, ஃபேன், தராசு, பில் மெஷின் இன்னொரு லைன். இரவு கடை சாத்தும்போது இரண்டாவதை மட்டும் அணைத்துவிட்டு வரலாம். ஒரே மெயினில் எல்லாம் இருந்தால், பையன் ஒருநாள் மறதியாக முழுவதையும் அணைப்பான், காலையில் பால் பாக்கெட் எல்லாம் கெட்டுப்போகும். இல்லாவிட்டால் எதையுமே அணைக்காமல் இரவு முழுக்க ஓடவிடுவான்.

குடோனில் போர்டு கதவுக்குப் பக்கத்தில் இருக்கட்டும், மூட்டை அடுக்கும் சுவரில் வேண்டாம். சரக்கு வந்து இறங்கும் நாளில் போர்டை மறைத்துத்தான் அடுக்குவார்கள், அவசரத்துக்குக் கை எட்டாது. எலி வயரைக் கடிக்கும் என்பது பருப்பு, தானியம் வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரிந்தது. அங்கே திறந்த வயர் ஒரு அடிகூட இருக்கக்கூடாது, எல்லாம் பைப்புக்குள் போக வேண்டும். குண்டு பல்பை மூட்டைக்கு மேலே தொங்கவிடுவதும் கூடாது.

வேலையை லைசென்ஸ் உள்ள ஒப்பந்தக்காரரிடம் கொடுங்கள். புது இணைப்புக்கு அவருடைய சோதனை அறிக்கையும் கேட்பார்கள்.

காடியில் பைப் பதித்து, பூச்சு ஏறுவதற்கு முன் ஒவ்வொரு சுவரையும் போன் கேமராவில் படம் எடுத்து வையுங்கள். ஓரத்தில் இஞ்ச் டேப்பைப் பிடித்தபடி எடுத்தால் அளவும் தெரியும். பின்னாளில் காலண்டர் மாட்ட ஆணி அடிக்கும்போது பைப் எங்கே ஓடுகிறது என்று பார்த்துக்கொள்ளலாம். (வருஷத்துக்கு எத்தனை காலண்டர் வருகிறது நமக்கு!) டி.பி. பெட்டியில் எந்த சுவிட்ச் எந்த அறைக்கு என்று தமிழில் எழுதிக் கதவின் உட்பக்கம் ஒட்டச் சொல்லுங்கள். வயர்மேனுக்குக் கடைசித் தவணையை அதை ஒட்டிய பிறகு கொடுக்கலாம்.